இருபது மூக்கும் ஓர் அறையும்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே ஆக்சிஜன்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று அவர் இருக்க வேண்டும், இல்லை அந்த ஆறு பாட்டில்கள் இருக்க வேண்டும். வாய் நிறைய நுரை இருந்ததால் முடிவை உடனே அறிவிக்க முடியவில்லை. கொப்பளித்துத் துப்பியதில் பாதி வீரம் நுரையோடு போய்விட்டது. மீதிப் பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

ஆக்சிஜன்காரர் என்பது ஆஸ்பத்திரி அவருக்கு வைத்த பெயர். அங்கே இருநூற்று நாற்பது கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் ஒரு திருகு இருக்கும். திருகினால் ஆக்சிஜன் வரும். அது எங்கிருந்து வருகிறது என்று நோயாளிகள் யோசிப்பதில்லை. டாக்டர்களும் யோசிப்பதில்லை. யோசிக்கிற ஒரே ஆள் இவர்தான். கீழ்த்தளத்து இரைச்சலுக்கு நடுவில் நின்று, செம்புக் குழாய்களைத் தடவிப் பார்த்து, எங்கே கசிகிறது என்று தேடித் தேடியே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். "மூச்சு நம்ம டிபார்ட்மெண்ட்" என்று அடிக்கடி சொல்வார். ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. வீட்டில் அந்தப் பேச்சு எடுபட்டதே இல்லை.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசை. ஓர் அறை வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்து, அரை மணி நேரம் யாரும் கூப்பிடாமல் இருக்க வேண்டும். மகள் வேலை கிடைத்து வெளியூர் போனதும் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை காலியாயிற்று. மறுநாளே சாய்வு நாற்காலி ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். ஒரு வாரம் லீவும் எழுதிக் கொடுத்தார். நாற்காலி வெள்ளிக்கிழமை வந்து இறங்கியது. ஆனால் அதற்கு முந்தின நாளே மனைவி ஆறு கண்ணாடி பாட்டில்களைக் கொண்டுவந்து அந்த அறை மேஜையில் வைத்துவிட்டாள். அவள் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆய்வுக்கூட உதவியாளர். ஆய்வுக்கூடத்தில் ஏதோ வேலை நடக்கிறதாம், அது முடியும்வரை அவளுக்கும் லீவாம், உயிருள்ளதெல்லாம் கொஞ்ச நாளைக்கு நம் வீட்டில் இருக்கட்டும் என்றாள். நாற்காலி அட்டைப்பெட்டியைக்கூடக் கழற்றாமல் ஹாலில் நின்றது. அவரும் அதன் பக்கத்தில் நின்றார்.

"அந்தப் பாட்டிலெல்லாம் எப்ப போகும்?" என்றார்.

"எந்தப் பாட்டில்?"

"நான் என்ன எண்ணெய் பாட்டிலையா கேட்கறேன்? என் அறைய அடைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே, அந்த ஆறு."

"அறையில எங்க இருக்கு? மேஜை மேல இருக்கு."

"மேஜைய எடுத்தாத்தானே நாற்காலி உள்ள போகும்."

"நாற்காலி ஹால்லயே இருந்துட்டுப் போகட்டுமே."

"ஹால்ல சாய்ஞ்சு உட்கார்ந்தா, வர்றவங்க எல்லாரும் எனக்கு உடம்பு சரியில்லையான்னு கேட்பாங்க. நான் என்ன அரண்மனையா கேட்டேன்? ஒரு அறை. பூச்சிக்கு ஒரு அறை இருக்கு, எனக்கு இல்ல."

மனைவி அடுப்பைத் தணித்தாள். "அதுங்களும் மூச்சு விடற ஜீவன்தானேங்க."

"மூச்சப் பத்தி எங்கிட்டயே சொல்றியா?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் தன் டிபார்ட்மெண்டைத் தொட்டுவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "இருபத்திரண்டு வருஷமா ஒரு ஊருக்கே மூச்சு கொடுக்கறேன். ஒரு உயிர் எப்படி மூச்சு விடுதுன்னு எனக்கு நீ வகுப்பு எடுக்க வேண்டாம்" என்றார்.

"அப்ப ஒண்ணு செய்யலாம்" என்றாள் மனைவி, கையைத் துடைத்துக்கொண்டே. "அந்த ஆறும் எப்படி மூச்சு விடுதுன்னு சொல்லுங்க. ஆறையும் சரியா சொல்லிட்டா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அறை உங்களுக்கு. ஒண்ணு தப்பானாலும் அறை அதுங்களுக்கு. அதுக்கப்புறம் நாற்காலின்னு பேச்செடுக்கக் கூடாது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு? இப்பவே சொல்றேன். மூக்கு."

"யாருக்கு?"

"எல்லாத்துக்கும்தான்."

மனைவி அறைக்குப் போய் முதல் பாட்டிலில் இருந்த வெட்டுக்கிளியை எடுத்து வந்தாள். விரல் நீளம், பச்சை நிறம், தாத்தா மாதிரி நீண்ட முகம். ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து, அதன் தலையை மட்டும் கழுத்துவரை தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, செத்துடும்."

"மூக்கு தலையில இருந்தா சாகும். பாருங்க."

பார்த்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு போயிற்று. தலை தண்ணீருக்குள் இருக்க, வயிறு மட்டும் வெளியே நிதானமாக விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தது. வெட்டுக்கிளிக்கு எந்த அவசரமும் இல்லை. ஆக்சிஜன்காரர் தன்னையறியாமல் தானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தார். நாற்பது விநாடியில் அவருக்குக் கண் பிதுங்கியது. ஐந்து நிமிடம் கழித்து மனைவி அதை வெளியே எடுத்தாள். அது முகத்தைக் காலால் துடைத்துக்கொண்டு இலை தின்னப் போய்விட்டது.

முதல் பாட்டிலிலேயே இப்படி. இன்னும் ஐந்து இருக்கிறது.

அன்று முழுவதும் அறையிலேயே இருந்தார். அவர் ஆசைப்பட்ட அறைதான். ஆனால் உட்காரக் கிடைத்தது முக்காலி. தண்ணீர்ப் பாட்டிலில் ஒரு கறுப்பு வண்டு. இன்னொரு தண்ணீர்ப் பாட்டிலில் சேற்று நிறத்தில் மூன்று அசிங்கமான ஜந்துக்கள். தும்பிகள் பறக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் இப்படித்தான் இருக்குமாம். ஓர் அகல வாய்ப் பாட்டிலில் குளத்து நண்டு. ஒரு பாட்டிலில் சிலந்தி. ஈர மண் போட்ட பாட்டிலில், தொட்டால் மிளகு மாதிரி உருண்டுகொள்ளும் சாம்பல் நிறப் பூச்சிகள். அவர் பாட்டில் பாட்டிலாகப் போய் மூக்கைத் தேடினார். ஒன்றுக்கும் மூக்கு இல்லை. மூக்கே இல்லாத ஆறு பேர் சேர்ந்து தன் மூக்கை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. அது அவர் ஒருவருக்குத்தான் வந்திருக்க முடியும். ஆஸ்பத்திரிக் குழாயில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டுக் குழாய் மேல் பூசினால், கசிகிற இடத்தில் குமிழி வரும். எளிமையான வழி, பொய் சொல்லாத வழி. வெட்டுக்கிளி மூச்சு விடுகிறதல்லவா? விட்டால் எங்கேயோ காற்று வெளியே வர வேண்டும். வந்தால் குமிழி வர வேண்டும். மனைவி துணி காயப்போட மாடிக்குப் போன நேரம் பார்த்து, பக்கெட்டிலிருந்து சோப்புத் தண்ணீரை எடுத்து, வெட்டுக்கிளிக்குத் தலை முதல் வால் வரை பூசினார்.

வயிற்றின் பக்கவாட்டில் சின்னதாக நுரைத்தது. "வந்தது பார்" என்றார் சத்தமாக. அடுத்த அரை நிமிடத்தில் வெட்டுக்கிளி ஒரு காலை உதறியது. பிறகு இன்னொரு காலை. பிறகு அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வயிறு அசையவில்லை.

ஆக்சிஜன்காரர் அதைப் பிடித்துத் திருப்பிப் போட்டார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ அவசரங்களைக் கேள்விப்பட்டவர்தான். ஆனால் அங்கே அழுத்திப் பிசைய ஒரு மார்பு இருக்கும், மாஸ்க் வைக்க ஒரு முகம் இருக்கும். இங்கே மாஸ்க்கை எங்கே வைப்பது? குனிந்து அதன் முகத்தில் ஊதிப் பார்த்தார். மனைவி படியிறங்கி வரும் சத்தம் கேட்டது. ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது.

அவள் உள்ளே வந்து ஒரே பார்வை பார்த்தாள். திட்டவில்லை. வெட்டுக்கிளியை எடுத்து நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, பழைய பருத்தித் துணியின் முனையால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"எனக்குக் கொலை பண்ற எண்ணமெல்லாம் இல்ல" என்றார்.

"தெரியும்."

"கசிவு பார்த்தேன்."

"பார்த்தீங்க. சோப்புத் தண்ணி அதோட அத்தனை மூக்கையும் போய் அடைச்சுக்கிச்சு."

"அத்தனை மூக்கா? எத்தனை?"

"பிழைச்சதுன்னா எண்ணிப் பாருங்க."

இருவரும் துணியின் இரண்டு பக்கத்திலும் குனிந்தபடி காத்திருந்தார்கள். கால் மணி நேரம் இருக்கும். அவர் மனதுக்குள் ஒரு பேரம் நடந்தது. இது பிழைத்துவிட்டால் அறை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்குப் போகவில்லை. ஆனால் நாற்காலியில் வாரம் ஒரு நாள் உட்காராமல் இருக்கத் தயாராக இருந்தார். அப்போது வயிறு ஒரு தரம் லேசாக அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. விரிந்தது, சுருங்கியது, விரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேர் மூச்சு திரும்பியதை அவர் கேட்டிருக்கிறார். அதெல்லாம் இன்டர்காமில், கீழ்த்தளத்திலிருந்து. கண்ணெதிரே பார்த்தது இதுதான் முதல் தடவை. அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சோப்பு நெடி" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக எதிர்வீட்டுக் கடிகாரக்காரரிடம் போய், கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடியைக் கேட்டார்.

"எதுக்கு?" என்றார் கடிகாரக்காரர்.

"வெட்டுக்கிளிக்கு மூக்கு எண்ணணும்."

கடிகாரக்காரர் கையிலிருந்த கடிகாரத்தைக் கீழே வைத்தார். "லீவுல இருக்கீங்களா?"

"ஆமா."

"எப்ப வேலைக்குப் போறீங்க?"

"திங்கட்கிழமை."

"சீக்கிரம் போங்க" என்று சொல்லிக் கண்ணாடியைக் கொடுத்தார்.

கண்ணாடி வழியே பார்த்தபோதுதான் தெரிந்தது. வயிற்றின் இரண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு துளை. துளைக்கு உதடு மாதிரி ஒரு கதவு; திறக்கிறது, மூடுகிறது. ஒரு பக்கம் வயிற்றில் எட்டு, மார்பில் இரண்டு. இரண்டு பக்கமும் சேர்த்து இருபது. அவர் மூன்று தரம் எண்ணினார், மூன்று தரமும் இருபது வந்தது. முன்பக்கத் துளைகள் திறக்கும்போது பின்பக்கத் துளைகள் மூடியிருந்தன. முன்னால் இழுத்துப் பின்னால் விடுகிறது. ஒருவழிப் பாதை. "வால்வு" என்றார் மெதுவாக. "இருபது வால்வு."

அன்று மத்தியானம் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. மனைவி பள்ளியில் ஏதோ கூப்பிட்டார்கள் என்று அவசரமாகக் கிளம்பிப் போனாள். அவளுடைய ஆய்வுக்கூட நோட்டு சாப்பாட்டு மேஜையிலேயே கிடந்தது. அதுவும் திறந்தபடியே. அதுவும் வேண்டிய பக்கத்திலேயே. ஆக்சிஜன்காரர் தெருவைப் பார்த்தார், கதவைத் தாழிட்டார், ஜன்னலையும் சாத்தினார். பெண்களுக்கு எவ்வளவு படித்தாலும் மறதி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று ஒரு பெருமூச்சு விட்டு, நோட்டின் முன் உட்கார்ந்தார். காப்பியடித்துப் பரீட்சை எழுதி நாற்பது வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் கை மறக்கவில்லை.

வெட்டுக்கிளியின் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் கிளம்புகிறது என்று எழுதியிருந்தது. அது கிளை பிரிந்து, கிளையும் கிளை பிரிந்து, முடியைவிட மெலிந்து, உடம்பின் ஒவ்வொரு மூலைக்கும் போகிறது. காற்றை ரத்தம் சுமப்பதில்லை. குழாயே நேராகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. நசுங்காமல் இருக்கக் குழாயின் உட்சுவரில் சுருள் சுருளாக ஒரு வளையம் ஓடுகிறது.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். இருநூற்று நாற்பது கட்டிலுக்குக் குழாய் இழுக்க எவ்வளவு பாடு. இன்னமும் ஏழாவது வார்டின் கடைசிக் கட்டிலுக்கு அழுத்தம் சரியாகப் போவதில்லை. தலைமை நர்ஸ் வாரம் ஒரு தடவை கூப்பிட்டுக் காய்ச்சுகிறாள். இங்கே விரல் நீளத்தில் ஒன்று, இலையைத் தின்றுகொண்டு, உடம்பில் கட்டில்களை எண்ணவே முடியாத ஓர் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு, ஒரு புகாரும் இல்லாமல் குதித்துத் திரிகிறது. இந்தக் குழாய் வேலையைச் செய்த ஆள் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது. எழுந்து நின்றே போட்டார்.

அதற்குப் பிறகு அவர் காப்பியடிப்பதை மறந்துவிட்டார். நோட்டில் ஒரு வரி படிப்பார், கண்ணாடியோடு அறைக்கு ஓடுவார். சிலந்தியின் வயிற்றுக்கு அடியில், முன்பக்கமாக இரண்டு கீற்றுகள். உள்ளே புத்தகத்தின் பக்கங்களைப் போல மெல்லிய தாள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றனவாம், நடுவில் காற்று புகுந்து போகிறதாம். சாம்பல் பூச்சி ஒன்றைக் கண்ணாடிச் சில்லில் விட்டு அடியிலிருந்து பார்த்தார். அது பூச்சியே இல்லை, நண்டின் சொந்தக்காரன். கடலை விட்டு வந்து எத்தனையோ காலம் ஆகியும் பின்பக்கம் கால்களுக்கு இடையில் இன்னும் செவுளை வைத்துக்கொண்டிருக்கிறது. அது காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். அதனால்தான் ஈரத்தைத் தேடிக் கல்லுக்கடியில் கிடக்கிறது. நண்டும் அதே கதைதான். ஓட்டுக்குள் இரண்டு பக்கமும் செவுள், செவுளுக்கென்று தண்ணீரையும் சுமந்துகொண்டு கரையேறுகிறது. முந்தின நாள் அது வாயில் நுரை தள்ளியதைப் பார்த்து வலிப்பு என்று பயந்து, அதன் கையில் சாவிக்கொத்தைக் கொடுக்கப் போய் விரலில் கடி வாங்கியிருந்தார்.

கறுப்பு வண்டைப் பார்த்ததும் அவருக்குத் தன் ஆளைப் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. அது வாலை மேலே நீட்டி, இறக்கைக்கடியில் காற்றை நிரப்பிக்கொண்டு உள்ளே போகிறது. சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிற ஆள். இதிலும் ஓர் அதிசயம்: வாலில் தொங்கும் குமிழியில் ஆக்சிஜன் குறையக் குறைய, சுற்றியுள்ள தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் தானாகவே குமிழிக்குள் வந்து சேர்கிறது. கொண்டுபோனதைவிட அதிகமாகச் செலவழிக்க முடிகிற சிலிண்டர். இப்படி ஒரு சிலிண்டருக்காகத்தான் அவர் வருடா வருடம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

மனைவி திரும்பி வந்தபோது நோட்டு இருந்த இடத்தில் இருந்தது. திறந்த பக்கம் மட்டும் வேறு. அவள் கவனிக்கவில்லை போலிருக்கிறது. ஒரு சந்தேகம்தான் பாக்கி. நேராகக் கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று சுற்றி வளைத்தார்.

"அந்தத் தும்பி இருக்கே. அது பின்பக்கமா மூச்சு விடுதுன்னு எங்கயோ... பேப்பர்ல படிச்சேன்."

"ஆமா."

"பின்பக்கம்னா, அந்தப் பின்பக்கமா?"

"அதேதான். தண்ணிய உள்ள இழுக்கும், செவுள் உள்ள இருக்கு. வெளிய விடும். அவசரம்னா பீய்ச்சிவிட்டு, அந்த வேகத்துலயே பாயும்."

"ஒரே வழியிலயா? மூச்சும், பிரயாணமும், மத்ததும்?"

"ஏன், நீங்க ஒரே வாயால சாப்பிடல, பேசல, குறட்டை விடல?"

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'பெரிய தும்பி இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை. தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டுகிறது. இனி விடியற்காலையில் கவனிக்க வேண்டும்.' வெள்ளிக்கிழமை எழுந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்தார். மனைவி எழுப்பினாலும் ஏழுக்கு முன் அசையாதவர்.

பாட்டிலில் நட்டிருந்த குச்சியில் அது ஏறி நின்றது, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. முதுகில் ஒரு கோடு விழுந்திருந்தது. கோடு வெடித்தது. உள்ளேயிருந்து வெளிறிய ஒரு முதுகு புடைத்துக்கொண்டு வந்தது, பிறகு பெரிய கண்களோடு தலை, பிறகு கால்கள். அது பின்னால் வளைந்து அப்படியே தொங்கியது. அப்போதுதான் அவர் அதைப் பார்த்தார். பழைய தோலுக்கும் புது உடம்புக்கும் நடுவே வெள்ளை வெள்ளையாகச் சில நூல்கள். புது உடம்பிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தன.

"நூல் மாட்டிக்கிச்சு" என்று கிசுகிசுத்தார். வெட்டிவிடலாமா என்று கை பரபரத்தது.

"நூல் இல்லைங்க." மனைவி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. "பழைய மூச்சுக் குழாயோட உள்பக்கத்து உறை. தோலோட சேர்த்து அதையும் கழட்டிப் போடுது."

"குழாயவா?"

"உடம்புக்குள்ள இருக்கற அத்தனை பெரிய குழாயோட உறையையும். இத்தனை நாளா தண்ணிக்குள்ள, பின்பக்கமா. இனிமே காத்துல, பக்கவாட்டுத் துளையால. இப்ப மாத்திக்குது."

ஆக்சிஜன்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன வருடம் மூன்றாவது மாடியில் இருபது அடிக் குழாயை மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு நாலு டாக்டர்கள் கையெழுத்து, முப்பது மாற்று சிலிண்டர்கள், வார்டு முழுக்க எச்சரிக்கைப் பலகை, வேலை முடியும்வரை அவருக்குச் சோறு இறங்கவில்லை. இங்கே ஒன்று, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, மொத்த ஆஸ்பத்திரியின் குழாய்களையும் உருவிப் போட்டுவிட்டுப் புதுக் குழாயில் மூச்சு விட ஆரம்பிக்கிறது. கட்டடத்தையே மாற்றுகிறது. கேட்க ஆளில்லை, கையெழுத்தில்லை, சத்தமில்லை. அவர் இத்தனை வயதுவரை எதையும் பார்த்துக் கைகூப்பியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படிக் கூப்பியதில்லை.

ஏழரை மணிக்கு இறக்கை காய்ந்து கண்ணாடி மாதிரி ஆயிற்று. மனைவி ஜன்னலைத் திறந்தாள். தும்பி போயிற்று. குச்சியில் வெற்றுத்தோல் மட்டும் நின்றது, முதுகில் அந்த வெள்ளை நூல்களோடு. அவர் அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பத்திரப்படுத்தினார். இன்னும் இரண்டு தும்பிகள் பாட்டிலில் இருந்தன. அவற்றிடம், "அவசரமே இல்ல, நிதானமா வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பரீட்சை. அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். மனைவி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒன்றுக்கும் திணறவில்லை. வெட்டுக்கிளிக்கே இருபது நிமிடம் எடுத்துக்கொண்டார். வண்டைப் பற்றிச் சொல்லும்போது எழுந்து நின்று நடித்துக் காட்டினார். தும்பியைப் பற்றிச் சொல்லும்போது தீப்பெட்டியைத் திறந்து வெற்றுத்தோலைக் காட்டினார்.

மனைவி நோட்டை மூடினாள். "ஆறும் சரி. ஜெயிச்சுட்டீங்க."

ஆக்சிஜன்காரர் சிரித்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. சிரித்து முடிப்பதற்குள் மனைவி எழுந்து அறைக்குள் போய், சாம்பல் பூச்சிப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க கொண்டு போற?"

"வெளியதான். பந்தயம்னா பந்தயம்."

"ஸ்கூலுக்கா?"

"ஸ்கூல்ல ஏது இடம்? ஆய்வுக்கூடத்துல பாதிய கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கிட்டாங்க. இதையெல்லாம் எங்கயாவது கொட்டிடச் சொல்லிட்டாங்க."

"கொட்டறதா?" அவர் எழுந்துவிட்டார். "வெளிய வெயில் எப்படி இருக்கு? அதுக்கு ஈரம் காய்ஞ்சா மூச்சு நின்னுடும். தெரியுமா உனக்கு?"

"தெரியும். நாற்காலிய உள்ள தள்ளணுமே. கொஞ்சம் வழி விடுங்க."

அவர் வழி விடவில்லை. அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். எந்த அறைக்காக ஒரு வாரம் தவம் கிடந்தாரோ அதே அறையின் வாசல். "நாற்காலி ஹால்ல இருக்கட்டும்."

"ஹால்ல சாய்ஞ்சா உடம்பு சரியில்லையான்னு கேட்பாங்களே."

"கேட்டா கேட்கட்டும். இன்னும் ரெண்டு தும்பி தோல் உரிக்கல."

"இல்லைங்க, நீங்க ஆசப்பட்ட அறை. நியாயமா ஜெயிச்சிருக்கீங்க. என்னாலயும் இனிமே முடியல. தினம் தண்ணி மாத்தணும், இலை வெட்டிப் போடணும், மண்ணு காயாம பார்க்கணும்."

"நான் பார்த்துக்கறேன்."

"லீவு முடிஞ்சிடுமே."

"ஒரு மணி நேரம் முன்னாலயே எழுந்துக்கறேன். ஐந்தரைக்கு எழுந்தேனா இல்லையா?"

"ரெண்டு நாளைக்கு எல்லாரும் எழுந்துப்பாங்க." மனைவி பாட்டிலை இறக்கவில்லை. "எழுதிக் கொடுப்பீங்களா?"

"கொடு பேப்பரை."

அவள் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டு, நோட்டின் அட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். பள்ளியின் முத்திரை, தலைமை ஆசிரியையின் கையெழுத்து, கீழே அழகாக டைப் அடித்த நாலு வரி. பள்ளியின் உயிரினங்கள் ஆறையும் நிரந்தரமாகப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்பவர்: ஆய்வுக்கூட உதவியாளரின் கணவர். தகுதி: மூச்சுத் துறையில் இருபத்திரண்டு வருட அனுபவம். எல்லாம் நிரம்பியிருந்தது. அவர் கையெழுத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. ஆக்சிஜன்காரர் பாட்டிலை ஒரு கையில் அணைத்தபடி சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகுதான் தேதியைப் பார்த்தார்.

"இது எட்டு நாளைக்கு முந்தின தேதி, சனிக்கிழமை."

"ஆமா."

"நாம பந்தயம் கட்டினது திங்கட்கிழமை."

"ஆமா."

அவர் மேஜையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அது புதன்கிழமை திறந்து கிடந்ததை நினைத்தார். கொஞ்ச நேரம் அந்த அறையில் வெட்டுக்கிளி ஒன்றுதான் மூச்சு விட்டது.

"சரி" என்றார் கடைசியில். "ஒருவேளை நான் தோத்திருந்தா?"

"தோத்தாலும் அதுங்க இங்கயேதான் இருந்திருக்கும்" என்றாள் மனைவி, தாளை மடித்துக்கொண்டே. "தண்ணிய மட்டும் நான் மாத்திக்கிட்டு இருந்திருப்பேன்."